டிசம்பர் விடுமுறையில் பாட்டும் நடனமும்: எதைப் போடுவது, எதற்குப் பணம் கட்டுவது?

சிங்கப்பூரில் நவம்பர் மூன்றாம் வாரம் பள்ளி மூடினால் ஜனவரி தொடக்கத்தில்தான் திறக்கும். பிள்ளைகள் ஆறு வாரம் வீட்டில் இருப்பார்கள். சில வீடுகளில் ஊரிலிருந்து தாத்தா பாட்டியும் வந்திருப்பார்கள். வரவேற்பறையில் இருப்பதோ ஒரே தொலைக்காட்சி. "ஏதாவது உருப்படியா பார்க்கலாமே, பாட்டு, நாட்டியம்னு" என்று யாராவது ஒருவர் சொல்வார். அதன்பிறகு அரைமணி நேரம் ரிமோட்டை அழுத்தியே போய்விடும்.

இந்தக் கேள்வி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. வசந்தம் ஒளிவழியே போதுமா? கேபிளில் தமிழ்ச் சேனல்கள் எடுக்கலாமா? சென்னை மார்கழிக் கச்சேரி நேரலைக்குக் கட்டணம் கட்டலாமா? யூடியூபில் எல்லாம் சும்மாவே கிடைக்கும்போது கட்டணம் எதற்கு? பிள்ளைகளுக்குப் பாலே, ஆபரா என்று கொஞ்சம் காட்டினால் என்ன?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு வார விடுமுறைக்காக ஆறு வாரத்துக்கு மேல் இழுக்கும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இலவசமாகக் கிடைப்பதில் நல்லது நிறைய இருக்கிறது. பணம் கட்டுவதென்றால் ஒன்றே ஒன்றுக்குக் கட்டுங்கள், அதையும் உட்கார்ந்து பார்க்க ஆள் இருந்தால் மட்டும். எதற்கு என்பது உங்கள் வீட்டைப் பொறுத்தது.

## எதை வைத்து அளப்பது

நிகழ்ச்சிப் பட்டியலின் நீளத்தை வைத்து முடிவு செய்பவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். ஆயிரம் கச்சேரி உண்டு என்று விளம்பரம் இருக்கும். நீங்கள் பார்க்கப் போவது ஐந்தோ ஆறோதான். நான் பார்ப்பது இவற்றை:

யார் உட்காரப் போகிறார்கள்? மிருதங்கம் கற்கும் பதின்ம வயதுப் பிள்ளை, தொடக்கநிலை இரண்டு படிக்கும் வாண்டு, எழுபது வயதுப் பாட்டி, கர்நாடக இசை பழக்கமில்லாத மருமகன் ஆகிய நால்வருக்கும் ஒரே நிகழ்ச்சி பிடிக்காது. எல்லாருக்கும் பொதுவாக ஒன்றைத் தேடினால் யாருக்கும் பிடிக்காததுதான் கிடைக்கும். நாளுக்கு ஒருவரைக் கணக்கில் வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

நம்முடைய மணி என்ன? சென்னையைவிட நாம் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அங்கே ஏழு மணிக் கச்சேரி என்றால் இங்கே இரவு ஒன்பதரை. டிசம்பரில் வியன்னா, பெர்லின் எல்லாம் நமக்கு ஏழு மணி நேரம் பின்னால்.

முழுசா, துண்டா? ஒரு ராகத்தை இருபது நிமிடம் விரிப்பதைக் காட்டுகிறார்களா, இல்லை கைதட்டல் வரும் இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டிக் காட்டுகிறார்களா?

ஒலியும் கேமராவும். இதைப் பலர் கவனிப்பதில்லை. மெலிந்த தட்டைத் தொலைக்காட்சிகளின் ஒலிபெருக்கியில் தம்பூரா காணாமல் போய்விடும். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி 'தொம்' என்று இறங்க வேண்டிய இடத்தில் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல ஒலிக்கும். கேமராவோ, வயலின்காரர் பதில் சொல்லத் தொடங்கும் நேரத்தில் முன்வரிசைப் பிரமுகரின் பட்டுப் புடவைக்குப் போய்விடும்.

மறைந்திருக்கும் செலவு. ஒப்பந்தக் காலம், பெட்டி வாடகை, வெளிநாட்டு நாணயத்தில் கட்டும்போது அட்டை நிறுவனம் எடுக்கும் கட்டணம், நடுவில் வரும் விளம்பரங்கள் எல்லாம் இதில் அடக்கம். பணம் கட்டிவிட்டோமே என்ற உறுத்தலில் பிடிக்காததை உட்கார்ந்து பார்ப்பதும் செலவுதான்.

## வசந்தமும் மீவாட்சும்

முதலில் வீட்டில் ஏற்கெனவே இருப்பதைப் பார்ப்போம். இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது, 2000ஆம் ஆண்டில் ஒரே ஒளிவழியைச் சிறுவர் நிகழ்ச்சிகள், தமிழ், கலை ஆகிய மூன்றும் பங்கு போட்டுக்கொண்டன. கிட்ஸ் சென்ட்ரல், வசந்தம் சென்ட்ரல், ஆர்ட்ஸ் சென்ட்ரல் என்று பெயர். 2008 அக்டோபரில் வசந்தம் தனிக்குடித்தனம் போனது. கலையும் சிறுவரும் ஒக்டோவுக்குள் சேர்ந்தன. 2019 மே மாதம் ஒக்டோவும் சேனல் 5இல் கலந்துவிட்டது. ஆக, கலைக்கென்றே தனியாக ஓர் இலவச ஒளிவழி இன்று நம்மிடம் இல்லை. உள்ளூர்க் கலை நிகழ்ச்சிகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருப்பது அதனால்தான்.

வசந்தத்தின் பலம் உள்ளூர் முகம். வசந்தம் ஸ்டார் போன்ற பாட்டுப் போட்டியில் பாடுகிறவர் நமக்குப் பக்கத்துப் புளோக்கில் இருப்பவராக இருக்கலாம். "இந்த அண்ணனை நான் பார்த்திருக்கேன்!" என்று பிள்ளை சொல்லும்போது வரும் ஆர்வம் சென்னை வித்துவானைக் காட்டினால் வராது. பல நிகழ்ச்சிகளுக்கு ஆங்கில வசனவரிகள் உண்டு. தமிழ் தடுமாறும் பிள்ளைக்கும் வேற்று இன மருமகளுக்கும் அது பெரிய உதவி. விட்டதை மீவாட்ச் இணையச் சேவையில் பிடித்துக்கொள்ளலாம். 2010 வரை வீட்டுத் தொலைக்காட்சி உரிமத்துக்கே ஆண்டுக்கு 110 வெள்ளி கட்டிக்கொண்டிருந்தோம். இப்போது அதுவும் இல்லை.

குறை என்னவென்றால், செவ்வியல் இசையோ நாட்டியமோ முழு நீளத்தில் பார்க்க வேண்டுமென்றால் இங்கே கிடைப்பது குறைவு. பண்டிகைச் சிறப்பு நிகழ்ச்சிகளில் சினிமாப் பாட்டுக்குத்தான் முதல் மரியாதை. அதில் தப்பில்லை, ஆனால் நீங்கள் தேடுவது அதுவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதோடு எஸ்பிளனேடு கலை அரங்கின் 'ஆஃப்ஸ்டேஜ்' இணையத்தளத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். கலைஞர்களின் பேட்டிகள், மேடைக்குப் பின்னால் நடப்பவை, சில நிகழ்ச்சிப் பதிவுகள் என்று அங்கே கொட்டிக் கிடக்கின்றன. நவம்பரில் நடக்கும் இந்தியக் கலைவிழாவான கலா உற்சவத்தை நேரில் பார்த்துவிட்டு வந்த பிள்ளை என்றால், அந்தச் சூடு ஆறுவதற்குள் இதைக் காட்டினால் எடுபடும்.

## கேபிளில் தமிழ்ச் சேனல்கள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டார்ஹப்பிலோ சிங்டெல்லிலோ சன், விஜய், ஜீ தமிழ் என்று தொகுப்பாக எடுக்கலாம். தாத்தா பாட்டிக்கு இதுதான் சௌகரியம். கடவுச்சொல் கேட்காது, செயலி திறக்க வேண்டாம், எண்ணை அழுத்தினால் படம் வரும். தொடர் நாடகங்களும் சேர்ந்து வருவதால் அவர்களுக்குப் பகலும் ஓடிவிடும்.

இசைக்காக மட்டும் இதை எடுப்பது நட்டம். பாட்டுப் போட்டிகளில் பாட்டு இரண்டு நிமிடம் என்றால் அதைப் பற்றிய பேச்சு பத்து நிமிடம். நடுவர் கண் கலங்குவார், அம்மா மேடைக்கு வருவார், பின்னணியில் புல்லாங்குழல் அழும். பிள்ளைகள் பாடுவது என்னவோ அருமையாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைக் கேட்க நாம் இவ்வளவையும் தாண்டி வர வேண்டும். மார்கழியில் சில சேனல்கள் காலையில் கச்சேரி போடுவது வழக்கம். அந்த நேரம் இங்கே எப்படி விழுகிறது, வெளிநாட்டு ஒளிபரப்பிலும் அது வருகிறதா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். இந்தியாவில் தெரிவதெல்லாம் இங்கே தெரிவதில்லை.

மறைமுகச் செலவு ஒப்பந்தத்தில் இருக்கிறது. இருபத்துநான்கு மாத ஒப்பந்தம் சாதாரணம். பாட்டி பிப்ரவரியில் ஊருக்குத் திரும்பிய பிறகும் மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருக்கும். நடுவில் நிறுத்தினால் அதற்கும் ஒரு தொகை கேட்பார்கள். பெரியவர்கள் நிரந்தரமாக உங்களோடு இருக்கிறார்கள் என்றால் மட்டும் இது கணக்குக்குக் கட்டுப்படியாகும்.

## யூடியூப்: சும்மா கிடைக்கும் புதையல்

என் ஓட்டு பெரும்பாலான வீடுகளுக்கு இதற்குத்தான். ஆனால் 'யூடியூப் பார்க்கலாம்' என்று பொத்தாம்பொதுவாக உட்கார்ந்தால் ஐந்தாம் நிமிடம் யாரோ பரோட்டா வீசுவதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எதைப் பார்ப்பது என்று முதல் நாளே முடிவு செய்து, பட்டியல் போட்டுச் சேமித்து வைத்துவிடுங்கள்.

முதலில் பிரசார் பாரதியின் ஆவணக் காப்பகப் பக்கம். வானொலி, தூர்தர்ஷன் ஆகியவற்றின் பழைய பதிவுகளை அவர்கள் இணையத்தில் ஏற்றிவருகிறார்கள். பழைய தூர்தர்ஷன் கச்சேரிகளில் பெரும்பாலும் கேமரா அதிகம் அலையாது. வேறு வழியில்லாமல் செய்த சிக்கனம்தான் அது, ஆனால் கற்றுக்கொள்கிறவருக்கு அதுவே வரம். வயலின் வாசிப்பவரின் இடக்கை நான்கு நிமிடம் தொடர்ந்து திரையில் இருக்கும். விரல் தந்தியின் மேல் எப்படி வழுக்குகிறது, எங்கே நிற்கிறது, சுரத்தை அசைத்து இழைக்கும் கமகத்துக்கு எவ்வளவு தூரம் அசைகிறது என்று பார்க்கலாம். இன்றைய பளபளப்பான பதிவில் எட்டு விநாடிக்கு ஒருமுறை காட்சி மாறிவிடுகிறது.

யாரிடம் தொடங்குவது? பிள்ளைகளுக்கு முதலில் மாண்டலின் சீனிவாசைக் காட்டுங்கள். கிட்டார் போன்ற ஒரு கருவியில் இவ்வளவு வேகமா என்று வாய் பிளப்பார்கள். அடுத்து கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோன். பள்ளி இசைக்குழுவில் அதே கருவியைப் பார்த்திருக்கும் பிள்ளைக்கு அதில் ஆரபி கேட்பது ஒரு சின்ன அதிர்ச்சி. நாதஸ்வரத்தைக் கோயிலிலும் கல்யாணத்திலும் மட்டுமே கேட்டவர்களுக்கு ஷேக் சின்ன மௌலானா. அப்புறம் பெரியவர்கள் அறையில் இருக்கும்போது செம்மங்குடி, டி.கே. பட்டம்மாள், பாலமுரளிகிருஷ்ணா என்று போகலாம். அவர்கள் பாடும்போது பாட்டிக்குக் கதை சொல்ல நிறைய இருக்கும், அந்தக் கதைகள்தான் பாதி கச்சேரி.

நாட்டியம் என்றால் சத்யஜித் ராய் 1976இல் பரதக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி எடுத்த 'பாலா' ஆவணப்படம். அரைமணி நேரத்துக்குச் சற்றே அதிகம், சிறுவர்கள் தாங்கும் நீளம். கடற்கரையில் காற்று புடவையை இழுக்க, 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ'வுக்கு அவர் அபிநயம் பிடிப்பார். குழந்தைக் கண்ணனைக் கூப்பிடுகிற அந்தக் கை ஒருமுறை கெஞ்சுகிறது, இன்னொருமுறை மிரட்டுகிறது. பரதம் கற்கும் பிள்ளையிடம், "டீச்சர் சொல்லிக்கொடுத்ததும் இதுவும் எங்கே வேறுபடுது, சொல்லு பார்க்கலாம்" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாகத் தொடரும்.

புதிய பதிவுகளில் மத்ராசனாவைச் சொல்லலாம். ஒலிபெருக்கி இல்லாத சிறு அரங்கில் பாடவைத்துப் பதிவு செய்கிற தொடர்கள் அவர்களுடையவை. சபாக்களில் எல்லாவற்றையும் விழுங்கும் ஒலிபெருக்கி இரைச்சல் இதில் இல்லை. நல்ல ஹெட்போன் இருந்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

இனி இதன் மறைமுகச் செலவு. அது விளம்பரம். ஆலாபனை தார ஸட்ஜத்தை, அதாவது மேல் 'ஸ'வை, நோக்கி மெல்ல ஏறிக்கொண்டிருக்கும், சரியாக அந்த இடத்தில் பல்பசை விளம்பரம் வந்து குதிக்கும். என் அம்மா ஒருமுறை, "தம்பி, அந்த ஆளைக் கொஞ்சம் வெளியே போகச் சொல்லுப்பா" என்றார், பாடகரைச் சொல்கிறாரோ என்று திடுக்கிட்டேன். விளம்பரமில்லாத சந்தாவை விடுமுறை மாதத்துக்கு மட்டும் எடுப்பது என் கணக்கில் நியாயமான செலவு. புதிதாகச் சேருபவர்களுக்குச் சில நேரம் முதல் மாதம் இலவசமாகவும் கிடைக்கிறது. ஜனவரியில் நிறுத்த மறக்காமல் நாள்காட்டியில் குறித்துவையுங்கள்.

இன்னொன்று, பதிவின் தரம். தனியார் கைப்பேசியில் எடுத்து ஏற்றியவை ஏராளம். முன்னால் உட்கார்ந்தவரின் தலை பாதித் திரையை மறைக்கும். தலைப்பில் இருக்கும் ராகத்தின் பெயர் தப்பாகவும் இருக்கும். கூடிய மட்டும் காப்பகம், சபா, கலைஞர் ஆகியோரின் சொந்தப் பக்கங்களிலிருந்தே பாருங்கள்.

## கட்டண நேரலை: மார்கழி சீசன் வீட்டுக்கே வந்தால்

2020இல் நோய்த்தொற்றால் அரங்குகள் மூடிக் கிடந்தபோது சபாக்கள் இணையத்துக்கு வந்தன. அதுவரை "நேரில் கேட்டால்தான் கச்சேரி" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களும் சீட்டு வாங்கித் திரையில் பார்த்தார்கள். அந்தப் பழக்கம் ஓரளவு ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போதும் டிசம்பரில் தனிக் கச்சேரிக்கோ மொத்த சீசனுக்கோ கட்டணம் வாங்கிக் காட்டும் ஏற்பாடுகள் இருக்கின்றன. சில சபாக்கள் இலவசமாகவே நேரலை தருகின்றன. எது எங்கே என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். டிசம்பர் முதல் வாரத்தில் சபாக்களின் பக்கங்களைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நேரலையின் சுகத்தைப் பதிவு தராது. அடுத்த பாட்டு என்ன என்று யாருக்கும் தெரியாது. 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமியின் மேடையில் இந்த நிமிடம் நடப்பதை ஈசூனில் உட்கார்ந்து கேட்கிறோம் என்பதில் ஒரு கிளுகிளுப்பு இருக்கத்தான் செய்கிறது. முதல் மூன்று சொரத்தில் ராகம் என்ன என்று வீட்டில் பந்தயம் கட்டலாம்.

ஆனால் நம் மணிக்கணக்கு இங்கேதான் இடிக்கிறது. நட்சத்திரக் கலைஞர்கள் பாடுவது மாலை ஆறரை, ஏழுக்கு. நமக்கு அது இரவு ஒன்பது, ஒன்பதரை. கச்சேரியின் நடுநாயகமான உருப்படியும் தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனமும் வரும்போது மணி பதினொன்றை நெருங்கிவிடும். பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். மறுநாள் வேலைக்குப் போகிறவர் கொட்டாவி விடுவார். வீவக அடுக்குமாடி வீட்டின் மெல்லிய சுவரில் அந்த நேரத்துக்கு மிருதங்கத்தைப் பெரிதாக வைக்கவும் முடியாது.

அதனால் சிங்கப்பூர் வீடுகளுக்கு நான் சிபாரிசு செய்வது பிற்பகல் கச்சேரிகளை. சென்னையில் இரண்டு மணிக்கு இளம் கலைஞர்கள் பாடுவார்கள், இங்கே மாலை நாலரை. நான்கு மணிக் கச்சேரி இங்கே ஆறரை. இரவுச் சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்து ஒன்பதுக்குள் முடித்துவிடலாம். பிற்பகலில் பாடுகிறவர்கள் சாதாரணமானவர்கள் என்று நினைக்க வேண்டாம். இன்று ஏழு மணிக்குப் பாடும் பலரும் ஒருகாலத்தில் இரண்டு மணிக்குப் பாடியவர்கள்தான். மேலே வரத் துடிக்கும் வயதில் பாடும் பாட்டில் ஒரு தனி வேகம் இருக்கும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இருபத்திரண்டு வயதுக் கலைஞரைப் பார்ப்பது உற்சாகம் தரும்.

சின்னப் பிள்ளைகளை எப்படி உட்காரவைப்பது? பாடுபவரின் கையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆதி தாளம் என்றால் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அதன்பின் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. இதைத் தொடையில் போட்டுக்கொண்டே வந்தால், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் கணக்கை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்ச் சரியாக வந்து சேரும்போது பிள்ளை துள்ளிக் குதிக்கும். வரிகள் தெலுங்கு, சமஸ்கிருதம் என்று புரியவில்லையே என்பவர்கள் பாபநாசம் சிவன், அருணாசலக் கவிராயர் ஆகியோரின் தமிழ்ப் பாடல்கள், தேவாரப் பண்கள் பாடும் கச்சேரியாகத் தேடுங்கள். சென்னைத் தமிழ் இசைச் சங்கத்தின் இசைவிழாவும் டிசம்பரில்தான் நடக்கிறது.

சீசன் முழுதுக்கும் சீட்டு வாங்குமுன் ஒரு காகிதத்தில் உங்கள் டிசம்பர் மாலைகளை எழுதிப் பாருங்கள். அலுவலக ஆண்டிறுதி விருந்து, ஜொகூர் பயணம், உறவினர் கல்யாணம், கிறிஸ்துமஸ் அழைப்பு எல்லாம் கழிந்தபின் எத்தனை மிஞ்சுகிறது? பெரும்பாலும் தனிச் சீட்டு இரண்டு மூன்று வாங்குவதே மலிவாக இருக்கும். வாங்குமுன் மூன்று விஷயம் பார்த்துவிடுங்கள். பின்னர் எத்தனை நாள் திரும்பப் பார்க்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை கருவியில் ஓடும், பெரிய திரைக்கு அனுப்ப முடியுமா என்பவைதான் அவை. ரூபாயில் கட்டும்போது அட்டைக்காரர் எடுக்கும் கூடுதல் தொகையையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

## வியன்னா, பாலே, ஆபரா

மேலைச் செவ்விசையில் நம் வீட்டு நேரத்துக்கு அழகாகப் பொருந்தும் பெரிய நேரலை ஒன்று உண்டு. வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் புத்தாண்டுக் கச்சேரிதான் அது. ஜனவரி 1 அங்கே காலை 11.15, இங்கே மாலை 6.15. முதல் கச்சேரி 1939 டிசம்பர் 31இல் நடந்தது. 1959 முதல் தொலைக்காட்சியில் வருகிறது. ஸ்ட்ராஸ் குடும்பத்தாரின் வால்ட்ஸ், போல்கா என்று சின்னச் சின்ன உருப்படிகள்தான், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்காது. கடைசியில் ராடெட்ஸ்கி அணிநடைக்கு அரங்கமே தாளம் தட்டும், நடத்துநர் திரும்பி நின்று கூட்டத்துக்கும் சைகை காட்டுவார். பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் போகாது. அந்த ஆண்டு எந்த ஒளிவழி அல்லது தளம் இங்கே காட்டுகிறது என்பதை டிசம்பரிலேயே பார்த்துவைத்துவிடுங்கள், அன்று மாலை தேடினால் பாதி போய்விடும்.

கிறிஸ்துமஸ் வாரத்துக்குச் சைகோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' பாலே. 1892இல் முதன்முதலாக மேடையேறியது. கதையே கிறிஸ்துமஸ் முந்தின இரவில்தான் நடக்கிறது. சின்னவர்களுக்கு இரண்டாம் பாதியை முதலில் காட்டுங்கள். அங்கே இரண்டு மூன்று நிமிட நடனங்கள் அடுத்தடுத்து வரும். கதை என்னவென்று அவர்களாகவே கேட்டபிறகு முதல் பாதிக்குப் போகலாம்.

ஆபராவுக்கு 2017இல் தொடங்கிய ஆபராவிஷன் இலவசத் தளம். ஐரோப்பிய ஆபரா அரங்குகளின் முழுப் பதிவுகளை ஆங்கில வசனவரிகளோடு சில மாதங்களுக்கு வைத்திருப்பார்கள், பிறகு எடுத்துவிடுவார்கள். பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் இணைய அரங்கம் கட்டணச் சேவை. அதன் படமும் ஒலியும் முதல் தரம். ஆனால் பெர்லினில் இரவு ஏழு மணி நேரலை நமக்கு அதிகாலை இரண்டு மணி. நேரலைக்காக அதில் சேராதீர்கள், காப்பகத்துக்காகச் சேரலாம். வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கும் இங்கே பொருள் சேவை வரி உண்டு, 2024 முதல் 9 விழுக்காடு. விளம்பரத்தில் காட்டும் விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பியானோ, வயலின் தேர்வு எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தப் பக்கம் செலவு செய்வது வீண்போகாது. இல்லையென்றால் புத்தாண்டுக் கச்சேரியும் ஒரு பாலேயும் போதும்.

## ஒரே பார்வையில்

| வழி | கட்டணம் | நம் நேரத்துக்கு | முழு நீளமா? | எதில் இடிக்கும் | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| வசந்தம், மீவாட்ச் | இல்லை | எப்போதும் பொருந்தும் | பெரும்பாலும் இல்லை | செவ்வியல் குறைவு | குடும்பமாகப் பார்க்க, தமிழ் தடுமாறும் பிள்ளைகளுக்கு |
| கேபிள் தமிழ்ச் சேனல் | மாதாமாதம் | பொருந்தும் | துண்டுதான் | நீண்ட ஒப்பந்தம் | நிரந்தரமாக உடன் இருக்கும் பெரியவர்களுக்கு |
| யூடியூப் காப்பகம் | இல்லை, விளம்பரம் வேண்டாமென்றால் சந்தா | நம் இஷ்டம் | ஆம் | விளம்பரம், கவனச் சிதறல் | கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு, பெரும்பாலான வீடுகளுக்கு |
| மார்கழிக் கட்டண நேரலை | தனிச் சீட்டு அல்லது சீசன் | பிற்பகல் கச்சேரி பொருந்தும், இரவு சிரமம் | ஆம் | பார்க்காமலே போகும் சீட்டு | கச்சேரிப் பழக்கம் உள்ளவர்களுக்கு |
| வியன்னா, பாலே, ஆபரா | இலவசமும் உண்டு, கட்டணமும் உண்டு | புத்தாண்டுக் கச்சேரி கச்சிதம், மற்ற நேரலை நள்ளிரவு தாண்டி | ஆம் | வரி, நாணய மாற்று | மேலை இசை கற்கும் பிள்ளைகளுக்கு |

## உங்கள் வீட்டுக்கு எது

சின்னப் பிள்ளைகள் இருவர், வேலைக்குப் போகும் பெற்றோர், கலைப் பழக்கம் அதிகமில்லை என்றால், மீவாட்சும் யூடியூபில் முன்கூட்டிப் போட்ட சிறு பட்டியலும் போதும். வாரத்துக்கு ஒருநாள், நாற்பது நிமிடம். அதற்குமேல் இழுத்தால் வெறுத்துவிடுவார்கள்.

வீட்டில் ஒருவர் சங்கீதமோ நாட்டியமோ முறையாகக் கற்கிறார் என்றால், காப்பகப் பதிவுகளோடு பிற்பகல் நேரலை இரண்டு. ஆசிரியரிடமே கேளுங்கள், "இந்த மாதம் இவள் யாரைக் கேட்க வேண்டும்?" என்று. 1949 முதல் இயங்கும் சிங்கப்பூர் இந்தியக் கவின்கலைக் கழகம், பாஸ்கர் கலைக் கழகம், அப்சரஸ் ஆர்ட்ஸ் போன்ற இடங்களில் கற்கும் பிள்ளைகளுக்கு எந்த இணையதளமும் போடுவதைவிட நல்ல பட்டியல் ஆசிரியர் வாயிலிருந்தே கிடைக்கும்.

பெரியவர்கள் மூன்று மாதம் மட்டும் வந்திருக்கிறார்கள் என்றால் கேபிள் எடுக்காதீர்கள். அவர்கள் ஊரில் பார்க்கும் சேனலின் செயலி இங்கே மாதச் சந்தாவில் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் ரிமோட்டில் ஒரே பொத்தானில் திறக்குமாறு அமைத்துக் கொடுத்துவிட்டால் அவர்கள் உங்களை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

தனியாகவோ இருவராகவோ வாழும் ரசிகர்கள், இரவு விழித்திருக்கத் தயங்காதவர்கள் என்றால் கட்டண நேரலை உங்களுக்காகவே. சந்தாவில் மிச்சம் பிடித்த காசை ஒலிக்குப் போடுங்கள். சுமாரான சவுண்ட்பார் ஒன்று, முடியாவிட்டால் கம்பியுள்ள ஹெட்போன். எந்தச் சேனல் என்பதைவிட இது பெரிய வித்தியாசம் செய்யும் என்பது என் அனுபவம்.

டிசம்பரில் இந்தியாவுக்கே போகிறவர்கள் எதற்கும் இப்போது பணம் கட்ட வேண்டாம். சென்னையில் இரண்டு நாள் தங்கினாலும் பல சபாக்களில் பிற்பகல் கச்சேரிக்கு அனுமதி இலவசம், சீட்டில்லாமல் நேராக உள்ளே போய் உட்காரலாம். இரவுக் கச்சேரிக்கு மட்டும் முன்பதிவு அவசியம். பிள்ளைகள் நெளியத் தொடங்கினால் கேன்டீன் பக்கத்தில்தான் இருக்கும், ஆனால் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் எழுந்து போகிற கூட்டத்தோடு நீங்களும் எழுந்துவிடாதீர்கள்.